மிளகுத் தராசில் ஏறியவன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நோயைப் பற்றிப் பிறகு பேசலாம். அதுவும் இதற்குப் பின்னால்தான் வந்தது.

கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போடுவது என் தொழில். குத்து, உதை, பிடி, நெரிப்பு எல்லாம் உண்டு. இந்தத் தொழிலில் தாய் தகப்பனுக்கு அடுத்தபடியாக மதிக்க வேண்டியது எடை இயந்திரத்தை. நான் என்ன செய்தேன் என்றால், என் வாழ்க்கையின் பெரிய சண்டைக்குத் தயாரான நாற்பத்திரண்டு நாளும் மிளகு வாங்குகிற கடையின் தராசில் ஏறி நின்று எடை பார்த்தேன். காப்பிக்கொட்டை, மிளகு, மரவள்ளிக் கிழங்கு, அப்புறம் நான்.

படிக்கிறவர் விவசாயியாக இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பார். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கொல்லிமலையில் வாழவந்தி நாடு. பயிற்சி சேலத்தில், மாஸ்டரின் கூடத்தில். அந்தக் கூடத்துக்குக் கூரை மாற்றும் வேலை வந்ததால் எல்லோரையும் ஊருக்குப் போகச் சொன்னார். "நீ மலையில ஓடு, மூச்சு நல்லா நிக்கும். எடையை மட்டும் தினமும் போட்டோ எடுத்து அனுப்பு" என்றார். என் பிரிவுக்கு அறுபத்தொரு கிலோ. ஒரு வேர்க்கடலை அதிகமாக இருந்தாலும் கூண்டுக்குள் விடமாட்டார்கள். சேலத்தில் கிளம்பும்போது அறுபத்தொன்பது இருந்தேன்.

வாசலூர்பட்டி போகிற ரோட்டில் என் அக்கா செல்வியின் கணவர் குமரேசன் மச்சான் மிளகுக் கடை வைத்திருக்கிறார். இந்த உலகத்தில் என் சண்டையை என்னைவிட அதிகமாக நம்பியவர் அவர்தான். என் முதல் கையுறை அவர் வாங்கிக்கொடுத்தது. 'கொல்லிமலைப் புலி' என்று அவர் அடித்த பிளெக்ஸில் என் மூக்கு மட்டும் இரண்டு அடி இருக்கும். நான் வருகிறேன் என்றதும் குடோனில் பாதியைக் காலி செய்து, உத்திரத்தில் குத்துமூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

முதல் நாள் காலையில் கடைத் தராசில் ஏறினேன். அறுபத்தைந்தரை காட்டியது.

"மச்சான், மூணரைக் கிலோ கொறஞ்சிருக்குதுங்க" என்றேன்.

அப்போது என் அப்பா பக்கத்தில் மிளகு மூட்டையுடன் நின்றுகொண்டிருந்தார், தன் முறைக்காக. மச்சான் தராசைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார்.

"மலைக்காத்துக்கு எளச்சிருப்பீங்க மாப்ள" என்றார்.

நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, காரணமும் கண்டுபிடித்தேன். பஸ்ஸில் வரும்போது எழுபது கொண்டை ஊசி வளைவில் பதினான்காவதிலேயே புலி ஜன்னல் வழியாக வாந்தி எடுத்திருந்தது. மூன்றரைக் கிலோவும் அங்கேதான் போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்றரைக் கிலோ வாந்தி எடுப்பவன் பிழைப்பானா என்று யோசிக்கிற மூளை அன்றைக்கு விடுமுறையில் இருந்தது.

சண்டைக்காரனின் புத்தியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னை வெறும் மடையன் என்று நினைத்துவிடுவீர்கள். மடையன்தான், ஆனால் பயிற்சி பெற்ற மடையன். எங்களுக்கு முதல் பாடமே உடம்பை நம்பாதே என்பதுதான். ஓடினால் போதும் என்று உடம்பு சொல்லும், வலித்தால் விழுந்துவிடு என்று சொல்லும், பசித்தால் செத்துவிடுவாய் என்று சொல்லும். "உடம்பு பொய் சொல்லும், தராசு பொய் சொல்லாது" என்பார் மாஸ்டர். ஏழு வருடமாக அந்த ஒரு வரியில்தான் வாழ்ந்திருக்கிறேன். பசி என்றால் எனக்கு நல்ல செய்தி. நாக்கு வறண்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

ஏன் சண்டை போடுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. பணம் என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார்கள் என்பதால் அப்படியே சொல்லி வந்தேன். உண்மை வேறு. கூண்டுக் கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டவுடன், எதிரே நிற்பவன் என்னை முழுசாகப் பார்க்கிறான். என் தோள் எப்படி அசைகிறது, எந்தக் காலில் பாரம் வைக்கிறேன், எப்போது மூச்சு விடுகிறேன் என்று எல்லாவற்றையும். எங்கள் ஊரில் ஒரு மனிதனை அவ்வளவு கூர்ந்து யாரும் பார்ப்பதில்லை. மூட்டையைப் பார்ப்பார்கள், அதைத் தூக்கி வந்தவனை யார் பார்க்கிறார்கள்? அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை பட்டினியும்.

அந்த நாற்பத்திரண்டு நாளும் எனக்கு உடம்பு அருமையாக இருந்தது. வழக்கமாகக் கடைசி வாரத்தில் நான் பேயாக இருப்பேன். இந்த முறை சிரித்துக்கொண்டே திரிந்தேன். பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தேன். தராசு நன்றாகக் காட்டிய நாட்களில் அக்கா வீட்டில் ஒரு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்த மாஸ்டர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கொறஞ்ச மாதிரி காட்டுது, ஆளைப் பாத்தா தெரியலையே" என்றார். மச்சான் தினமும் என் பாதத்தையும் எண்ணையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். "கொறையுது மாப்ள, கொறையுது" என்று என் முதுகில் தட்டுவார்.

கடைசி நாள் சரியாக அறுபத்தொன்று. சென்னைக்கு ராஜா மாதிரி போனேன்.

ஓட்டலில் மாஸ்டர் கொண்டுவந்த தராசில் ஏறினேன். அறுபத்து நான்கு புள்ளி இரண்டு. "மாஸ்டர், உங்க தராசுல ஏதோ கோளாறு" என்றேன். அவர் இருபது கிலோ இரும்புத் தட்டு ஒன்றை அதன்மேல் வைத்தார். இருபது காட்டியது.

"என்னத்தைத் தின்ன?"

"ஒண்ணும் தின்னலீங்க."

"அப்ப போட்டோவை மாத்தி அனுப்பியிருக்கே."

ஒரு சண்டைக்காரன் பயிற்சியாளரிடம் செய்யக்கூடாத ஒரே துரோகம் எடையில் பொய் சொல்வது. அவர் முகம் கறுத்தது. அப்போதும் மச்சானின் தராசைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை எடை பார்ப்பதற்குள் மூன்று கிலோவுக்கு மேல் இறக்க வேண்டும், அதுவும் ஏற்கெனவே பிழிந்த துணியில். பிளாஸ்டிக் உடை, வெந்நீர்த் தொட்டி, ஆவி அறை. கடைசியில் இன்னொரு சண்டைக்காரன் கொடுத்த, நீர் பிரிக்கிற மாத்திரையை மாஸ்டருக்குத் தெரியாமல் விழுங்கினேன். அந்தப் பாவத்தை வேறு யார் தலையிலும் போட மாட்டேன். அது என் கை, என் வாய்.

எடை பார்க்கும் மேடையில் அறுபத்தொன்று. அடுத்த நாள் சண்டையில் நடுவர்கள் தீர்ப்பில் நான் ஜெயித்தேன். மாஸ்டர் மூலையில் நின்று தண்ணீர் மட்டும் கொடுத்தார். கைக்கட்டை அவிழ்த்த பிறகு சொன்னார்: "போட்டோவுல ஏமாத்தறவனுக்கு நான் மாஸ்டர் இல்ல. வேற எடம் பாத்துக்கோ."

ஊருக்கு வரும் வழியில் சிறுநீர் எங்கள் மலைக் காப்பி நிறத்தில் போனது. பாலில்லாத காப்பி. இடுப்பில் வாங்கிய உதைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அதுவும் நின்றுவிட்டது. கால் வீங்கியது, முகம் பூசணிக்காய் ஆனது. அக்கா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அடி வாங்குன வீக்கமா, வேற வீக்கமா கண்ணு?"

"அடிதான்க்கா."

"அவன் உம்பட காலுக்கு ரெண்டு பக்கமுமா அடிச்சான்?"

மச்சான் பிக்கப் வண்டியை எடுத்தார். எழுபது வளைவையும் ஒரு கையால் ஓட்டினார், இன்னொரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு. கீழே ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எதிரே சுவரில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. அதன் கீழேயே மச்சான் எல்லாச் சாமிக்கும் சத்தமாக வேண்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அம்மா நோயின் பெயரைச் சொன்னார்: ராப்டோமயோலிசிஸ். உச்சரிக்கவே ஒரு ரவுண்டு தேவைப்படுகிற பெயர். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நீர் வற்றிய உடம்பை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் உடையும். உடைந்த தசையின் சாறு ரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்டும் சல்லடைதான் சிறுநீரகம். சல்லடையில் காப்பித்தூள் அடைத்துக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. கிரியேட்டினின் என்று ஒன்று, ரத்தத்தில் தேங்குகிற கழிவைக் காட்டும் எண். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது எனக்கு ஏழைத் தாண்டியிருந்தது.

"திரும்ப வேலை செய்யுமுங்களா? நான் சண்டை போடலாமா?" என்றேன்.

"பெரும்பாலும் திரும்பிவிடும். சில பேருக்கு முழுசாகத் திரும்பாது. அதுவரை டயாலிசிஸ். முதலில் அது விழிக்கட்டும், சண்டையைப் பற்றி அப்புறம் பேசலாம்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒன்றும் செய்ய வேண்டாம். படுத்திருங்கள்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகக் கடினமான பயிற்சி அது. கூண்டில் பயம் வந்தால் கையை உயர்த்தலாம், ஓரடி முன்னால் வைக்கலாம். இங்கே எதிரி என் முதுகுக்குள்ளேயே தூங்குகிறான், எழுப்பக் கூடாது என்கிறார்கள். நான் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, சிறுநீரகத்துக்கு உத்வேகம் கொடுத்துப் பார்த்தேன். எழு, நீ புலி என்றேன். புலி அசையவில்லை. அப்போதுதான் பயந்தேன், முதல் முறையாக நிஜமாக. வலியைத் தாங்குவேன், பசியைத் தாங்குவேன் என்று பீற்றிக்கொள்கிறவனுக்குத் தாங்குவதற்கு ஒன்றுமே இல்லாமல், வெறுமனே காத்திருக்கத் தெரியவில்லை.

பதினொரு சண்டையில் ஒருவன்கூட என் கழுத்தைப் பிடித்து மடக்கியதில்லை. அந்தக் கழுத்தில் டாக்டர் அம்மா ஐந்து நிமிடத்தில் ஒரு குழாயைச் செருகினார். அதன் வழியாக ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, தேங்கிய நீரையும் பிரித்துவிட்டு, திரும்ப உள்ளே விடுவார்கள். அதுதான் டயாலிசிஸ். ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் எடை பார்ப்பார்கள், எவ்வளவு நீர் எடுப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா. முதல் நாள் நர்ஸ் வளர்மதி கேட்டார்: "சண்டைக்குப் பட்டினி கெடக்காதப்ப உங்க எடை எவ்வளவுங்க?"

பட்டினி தொடங்குவதற்கு முன் கடைசியாகப் பார்த்த அறுபத்தைந்தரையைச் சொன்னேன், பெருமையாக. என்னளவுக்குத் தன் எடை தெரிந்த நோயாளியை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைப்பு.

மூன்றாம் முறை அந்த எடையை நோக்கி நீரை இறக்கிக்கொண்டு வந்தார்கள். பாதியில் இரண்டு கெண்டைக்காலும் சுருட்டி இழுத்தன. கண் இருட்டியது. ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. வளர்மதி ஓடி வந்து இயந்திரத்தைக் குறைத்து, காலை நீவிவிட்டு, கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார்.

"ஏனுங்க, இன்னும் உங்க ஒடம்புல எடுக்கறதுக்குத் தண்ணியே இல்லீங்க. அந்த அறுபத்தஞ்சரை எங்க பாத்ததுங்க?"

"எங்க மச்சான் கடையில. மிளகு வாங்கற தராசு."

வளர்மதியின் கை நின்றது. அடுத்த படுக்கையில் ராமசாமியண்ணன். காளப்பநாயக்கன்பட்டிக்காரர், மரவள்ளி விவசாயி, வாரம் மூன்று முறை இதே இயந்திரத்தில் படுப்பவர். அவர் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"வாங்கற தராசா, விக்கற தராசாங்க தம்பி?"

"வாங்கறதுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அவருடைய இயந்திரம் கூவியது. வளர்மதி அதை அணைக்கப் போய், தானும் சிரித்துவிட்டார், அவருக்கும் ஊரில் கிழங்குக் காடு இருந்தது. "சாமி, அது நூறு கிலோவை தொண்ணூத்தஞ்சுன்னு சொல்றதுக்குன்னே வெச்சதுங்க" என்றார் ராமசாமியண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுல போயி எவனாச்சும் ஏறுவானுங்களா?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அறுபத்தொன்பதில் நூற்றுக்கு ஐந்து கழித்தால் அறுபத்தைந்தரை. அறுபத்து நான்கு புள்ளி இரண்டில் கழித்தால் அறுபத்தொன்று.

மச்சான் என் கால்மாட்டில், கஞ்சி பிளாஸ்க்குடன் உட்கார்ந்திருந்தார். மூடியிருந்த மூடியை இன்னும் இறுக்கமாகத் திருகினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சித்த காத்தாடப் போயிட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.

இதற்கு முன் பல பேரிடம் அடி வாங்கியிருக்கிறேன். வருகிற அடி தெரிந்தால் உடம்பு தன்னால் இறுகிக்கொள்ளும், பாதி வலி அங்கேயே போய்விடும். தெரியாத அடிதான் சாய்க்கும். ஆறு நாளாக எனக்கு உப்பில்லாத கஞ்சி ஊட்டியவர், பெட்பேன் எடுத்தவர், நான் வாந்தி எடுத்தால் தன் துண்டில் ஏந்தியவர். அந்தக் கையைக் கோபத்துடன் எப்படிப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பார்மசி ரசீது வந்தபோதெல்லாம் அவர்தான் கட்டினார். ரப்பர் பேண்டு போட்ட நோட்டுக் கட்டு, எடுத்தால் வார்டே மிளகு மணக்கும். அது யார் தோட்டத்து மிளகு என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அதில் என் அப்பாவுடையதும் இருந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் தராசில் காணாமல் போன பங்கு.

மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"மொத நாள் சொல்லியிருக்கலாமுங்களே மச்சான்."

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். உங்கப்பா மூட்டையோட நின்னாரு."

"ரெண்டாம் நாள்?"

"மொத நாள் ஏன் சொல்லலேன்னு கேப்பீங்க."

"நாப்பத்திரண்டு நாளுங்க."

"நாளாக ஆகச் சொல்றது கஷ்டமாயிருச்சு மாப்ள. எப்படியும் பெரிய தராசுல ஏறுவீங்க, அங்க சரி பண்ணிக்குவீங்கன்னு நெனச்சேன். உசுருக்கு வருமுன்னு கண்டனா?" அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

"சரி. மாஸ்டருக்கு ஒரே ஒரு போன் போடுங்க. இவன் ஏமாத்தல, தராசு கொறச்சுக் காட்டுச்சுன்னு சொல்லுங்க. அது போதும்."

அவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "வேற என்ன வேணுமுன்னாலும் கேளுங்க. கிட்னியே குடுக்கறேன். அது மட்டும் வேண்டாம். அவருகிட்ட நம்ம மலைப் பசங்க ரெண்டு பேரு பழகறாங்க. அவங்க ஊட்டு மிளகும் நம்ம கடைக்குத்தான் வருது."

கிட்னி தருவார், போன் போட மாட்டார். வார்டில் படுத்துக்கொண்டு இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது, ஆனால் நன்றாக வரவில்லை.

பதினோராம் நாள் காலையில் இருபது மில்லி சிறுநீர் வந்தது. அளவுக் குப்பியில் பார்த்தால் ஒரு மடக்குக் காப்பி. பரிசுக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்தேன். அக்கா அழுதாள், வளர்மதி குறித்துக்கொண்டார், ராமசாமியண்ணன், "எனக்கும் கொஞ்சம் கடன் குடுங்க தம்பி" என்றார். அவருடையது திரும்பாத வகை. நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன், அவர் நிறுத்தவில்லை. அடுத்த நாள் முந்நூறு, அதற்கடுத்த நாள் லிட்டர் கணக்கு. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்து, எண் ஒன்றுக்கு இறங்கினால் பயிற்சியைத் தொடங்கலாம், ஆனால் இனி தண்ணீரை வற்றவைத்து எடை இறக்கவே கூடாது, மேல் பிரிவில் போய்ச் சண்டை போடு என்றார் டாக்டர் அம்மா. கடைசித் தாளில் என் எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறுபத்தாறு.

மேல் பிரிவோ கீழ் பிரிவோ, மாஸ்டர் சேர்த்துக்கொண்டால்தானே. நான் எட்டு முறை போன் செய்தும் அவர் எடுக்கவில்லை.

மலைக்கு வந்த மறுநாள் காலையில், அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். மிளகு சீசன். எட்டுப் பத்துப் பேர் மூட்டையுடன் வரிசையில் நின்றார்கள். என் அப்பாவும் நின்றார். வரிசையை விலக்கிக்கொண்டு போய்த் தராசில் ஏறினேன். அறுபத்திரண்டு புள்ளி ஏழு. டாக்டர் தாளை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, என் பாதமும் தெரிகிற மாதிரி நானே போட்டோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். கூண்டில் ஜெயித்தவன் மைக்கைப் பிடிக்கிற மாதிரிதான் நின்றிருப்பேன்.

"இந்தத் தராசு மூணு கிலோவுக்கு மேல கொறச்சுக் காட்டுதுங்க. ஆஸ்பத்திரித் தாள் கையில இருக்குது."

யாரும் அசையவில்லை. முதலில் நின்றவர் மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே, "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமுங்களா?" என்றார். அப்பா தரையைப் பார்த்தார். அவர் காலைத் தேய்த்துக்கொண்ட விதத்திலேயே அவருக்கும் தெரியும் என்று தெரிந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த இடம், அவர் எப்படிச் சொல்வார்? முதல் நாள் நான் ஏறியதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பார், தினமும் அதை நம்பித்தான் எடை பார்க்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. மலை முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம், அதில் ஏறி நின்ற எனக்கு மட்டும் தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. மாஸ்டர். "மூணு மாசம் கழிச்சு வா. என் தராசுல ஏறு" என்று எழுதியிருந்தார். இரண்டு முறை படித்தேன். சிறுநீரகம் விழித்த அன்றைக்குப் பிறகு எனக்கு மூச்சு நன்றாக இறங்கியது அப்போதுதான்.

தராசிலிருந்து இறங்கினேன். மச்சான் அடுத்த மூட்டையைத் தூக்கி அதே இடத்தில் வைத்தார். அவரிடம் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டேன்.

"எனக்காச்சும் சரியாக் காட்டியிருக்கலாமுங்களே மச்சான்?"

அவர் எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சொந்தத்துக்குன்னு தனித் தராசா வெக்க முடியும்?"